பெயிண்ட் எஃப்.சி.க்கு இல்லைங்க, இரும்புக்கு!

எஃப்.சி. வரும்போதெல்லாம் லாரிக்கு மேலோட்டமா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு நிறுத்தற நம்ம ஊர் வழக்கம் ஒழியணும். இந்தப் பதிவோட மேட்டர் இவ்வளவுதான். அவசரத்துல இருக்கறவங்க இத்தோட கிளம்பலாம். நேரம் இருக்கறவங்க உட்காருங்க, சண்டை போடலாம்.

"பி.காம் படிக்கற பையனுக்கு பெயிண்டைப் பத்தி என்னடா தெரியும்?" அப்படின்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா சூரமங்கலத்துல வளர்ந்தவனுக்கு ரயிலும் லாரியும் தெரியாம இருக்க முடியாதுங்க. சேலம் ஜங்ஷன் எங்க ஏரியாவுலதான் இருக்கு. ஒரு மணி நேரம் பஸ்ல போனா நாமக்கல். இன்னொரு பக்கம் சங்ககிரி, அங்கிருந்து கொஞ்ச தூரத்துல திருச்செங்கோடு. லாரிக்கு பாடி கட்டறவங்க, போர்வெல் ரிக் வண்டிக்காரங்க, கேஸ் டேங்கர்காரங்க எல்லாம் இந்தச் சுத்துவட்டாரம்தான். எங்க கிளாஸ்ல கையைத் தூக்கச் சொன்னா, பாதிப் பேர் வீட்ல லாரியால சோறு தின்ற ஒருத்தராவது இருப்பாங்க. எங்க சித்தப்பாவும் ஒரு வண்டி வெச்சிருந்தார். அவர் கதை பின்னாடி வருது.

முதல்ல லாரின்னா என்னன்னு பேசிடுவோம். சரக்கு ஏத்தற வண்டின்னு சொல்வீங்க. அது பாதிதான்.

கேரவன்னு சொன்னா நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்ல நடிகருங்க உட்கார்ந்திருக்கற வண்டிதான் ஞாபகம் வரும். வெளிநாட்டுல சாதாரண ஜனங்களே கேம்பர் வண்டி வெச்சிருக்காங்க. உள்ளேயே சமையல், உள்ளேயே தூக்கம், அப்படியே ஊர் சுத்தறது. கேரளாவுல 2021-ல கேரவன் டூரிசம்னு ஒரு கொள்கையே கொண்டு வந்தாங்க. அந்த வண்டிக்காரங்க வெளிப்பூச்சை எப்படிப் பார்த்துக்கறாங்க தெரியுமா? மென்மையான சோப்புல கழுவி மெழுகு தேய்ப்பாங்க. கூரையில தகடு சேர்ற இடமெல்லாம் தடவிப் பார்த்து, வெடிப்பு இருந்தா சீலன்ட் போடுவாங்க. ஓட்டாத நாள்ல நிழல்ல நிறுத்தி உறை போட்டு மூடுவாங்க. வருஷத்துல சில வாரம் படுக்கற வண்டிக்கு இவ்வளவு!

நம்ம ஊர்லயும் ஆயிரக்கணக்குல கேம்பர் இருக்குங்க. அதுக்குப் பேருதான் லாரி. வடக்கே லோடு போற டிரைவர் வாரக்கணக்குல அந்த கேபினுக்குள்ளதான் படுத்து எழுந்திருக்கறார். ஸ்டவ், அரிசி, மிளகாய்த்தூள், மாத்துத்துணி, சாமி படம் எல்லாம் அதுக்குள்ளதான். 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகற நடுத்தர, கனரக சரக்கு வண்டிகளோட கேபின்ல ஏசி கட்டாயம்னு விதி வந்திருக்கு. உள்ளே ஒரு மனுஷன் வாழறான்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டது அது. அப்போ அந்த கேபினோட வெளிப்பூச்சு வெறும் அலங்காரம் இல்லை, அது வீட்டுக் கூரை. கூரை ஓட்டையா இருக்கும்போது சுவத்துக்கு வெள்ளை அடிக்கறவனை என்னன்னு சொல்வீங்க?

அதைத்தான் நாம பண்றோம்.

எஃப்.சி. தேதி நெருங்குது. வண்டி பட்டறைக்குப் போகுது. தண்ணி அடிச்சு, மேலோட்டமா எமரி பேப்பர் தேய்ச்சு, துரு உப்பின இடத்துல பட்டி போட்டு மூடி, அது மேல எனாமல். ரெண்டு நாள்ல வண்டி புதுப் பொண்ணு மாதிரி வெளியே வருது. எஃப்.சி. முடியுது. பட்டிக்கு அடியில இருந்த துரு? அது எங்கேயும் போகலை. உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கு.

துருவைப் பத்திக் கொஞ்சம் பாடம் (பத்தாம் கிளாஸ் கெமிஸ்ட்ரிதான், பயப்படாதீங்க). இரும்பு, காத்துல இருக்கற ஆக்சிஜன், ஈரம். மூணும் சேர்ந்தா துரு. உப்பு சேர்ந்தா இன்னும் வேகம். துரு, அது தின்ன இரும்பை விட அதிக இடம் எடுத்துக்கும். அதனாலதான் பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்புது. கொப்புளம் வெடிச்சா அந்த வழியா இன்னும் ஈரம் உள்ளே போகும். பட்டி வேற ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கும். துருவுக்கு மேல பட்டி போடறது, புண்ணைக் கழுவாம கட்டுப் போடற மாதிரி. வெளியே சுத்தமா தெரியும், உள்ளே சீழ்.

நம்ம ஊரோட வேடிக்கை என்னன்னா, துருப்பிடிக்காத எஃகுக்குன்னே சேலத்துல ஒரு உருக்காலை இருக்கு, 1980-களோட ஆரம்பத்துலயிருந்து ஓடுது. அந்த எஃகு ஏன் துருப்பிடிக்கறதில்லை? அதுல குறைஞ்சது நூத்துக்குப் பத்தரை பங்கு குரோமியம் இருக்கும். அது மேல்பரப்புல கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கும். கீறல் விழுந்தாலும் படலம் தானே திரும்ப வளர்ந்துடும். லாரி கேபினும் பாடியும் செய்யற சாதாரணத் தகட்டுக்கு அந்த வரம் கிடையாது. அதுக்கு நாம கடனாக் குடுக்கற படலம்தான் பெயிண்ட். ஆனா பெயிண்ட் தானா வளராது. கீறல் விழுந்தா நாமதான் மூடணும், அதுவும் சீக்கிரம் மூடணும். எஃப்.சி. தேதி வரைக்கும் துரு காத்துக்கிட்டு இருக்காது. 2018-ல மாத்தின விதிப்படி எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அதுக்கு மேல போனா வருஷா வருஷம். இன்னிக்கு விழுந்த கீறலை எஃப்.சி.க்குப் பார்த்துக்கலாம்னு விட்டா, ரெண்டு வருஷம் கூட ஆகலாம். ரெண்டு மழைக்காலம் ஆச்சு!

அதுலயும் நம்ம வண்டிங்க ஏத்தற சரக்கைப் பாருங்க. தூத்துக்குடி உப்பு. மீன் லோடுல சொட்டற உப்புத் தண்ணி. உர மூட்டை. நாமக்கல் பண்ணைக் கோழி எரு, அதோட அமோனியா. சங்ககிரிப் பக்கத்து சிமென்ட், அது காரம். சாதாரண எனாமல் பெயிண்டுக்குக் காரம் ஆகவே ஆகாது, பசையா மாறிக் கழண்டுடும். இது போக சேலத்து வெயில். வெயில்ல எனாமல் மேல்பரப்பு சிதைஞ்சு, தொட்டா கையில மாவு மாதிரி ஒட்டும். இத்தனைக்கும் நடுவுல நிக்கற பூச்சை, எஃப்.சி.க்கு எஃப்.சி. ஒரு நாள் மட்டும் நினைச்சுப் பார்த்தா எப்படிங்க தாங்கும்?

இப்போ என் பாடத்துக்கு வர்றேன். தேய்மானம்!

வாடகைக்கு ஓட்டற லாரிக்கு வருமான வரிக் கணக்குல 30 சதவீதம் தேய்மானம், குறைந்துசெல் மதிப்பு முறையில. 30 லட்ச ரூபாய் வண்டின்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க. முதல் வருஷக் கடைசியில ஏட்டுல 21 லட்சம். அடுத்து 14.7 லட்சம். அஞ்சு வருஷம் முடிஞ்சா சுமார் 5 லட்சம். நல்லாப் பராமரிச்ச வண்டிக்கும் இதே 5 லட்சம்தான், தகரமாப் போன வண்டிக்கும் இதேதான். ஏடு பெயிண்டைப் பார்க்காது. ஆனா செவ்வாய்ப்பேட்டை லாரி மார்க்கெட்ல நிக்கற புரோக்கர் பார்ப்பார். ரெண்டு வண்டிக்கும் அவர் ஒரே விலை சொல்வாரா? ஏட்டு மதிப்புக்கும் சந்தை விலைக்கும் நடுவுல இருக்கற அந்த வித்தியாசத்துலதான் பராமரிப்புச் செலவோட பலன் ஒளிஞ்சிருக்கு. இதை எந்த பேலன்ஸ் ஷீட்டும் தனியாக் காட்டாது.

இன்னொண்ணு. பத்து வண்டிக்கு மேல இல்லாத முதலாளிங்க உத்தேச வருமான முறையில வரி கட்டலாம். வண்டிக்கு மாசம் இவ்வளவு வருமானம்னு ஒரு தொகையை எடுத்துக்குவாங்க. தேய்மானம், ரிப்பேர், பெயிண்ட் எல்லாம் அதுலயே கழிச்சாச்சுன்னு அர்த்தம். அதாவது சின்ன முதலாளியோட பெயிண்ட் பில்லுக்குத் தனியா வரிச் சலுகை எதுவும் கிடையாது. வீணாப் போற ஒவ்வொரு எஃப்.சி. பெயிண்டும் முழுசா அவர் பாக்கெட்டுல இருந்து போறது. பெரிய கம்பெனியை விட, ஒரு வண்டி ரெண்டு வண்டி வெச்சிருக்கற நம்ம ஆளுங்கதான் இதுல உஷாரா இருக்கணும்.

சித்தப்பா கதை இதுதான். வண்டியை விக்கறதுக்கு முன்னாடி ஒரு பட்டறையில விட்டு நல்லா செலவு பண்ணி பெயிண்ட் அடிச்சார். பார்க்க அப்படி ஒரு பளபளப்பு. வாங்க வந்தவர் வண்டியைச் சுத்திக்கூட வரலை. பாக்கெட்டுல இருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். கேபின் கதவுக்குக் கீழ வெச்சார். ஒட்டலை. ஒரு சாண் தள்ளி வெச்சார். அங்கேயும் ஒட்டலை. விரல் முட்டியால தட்டினார். தகடு 'டங்' னு சொல்லணும், அது 'தொப்' னு சொல்லுச்சு. உள்ளே முழுக்கப் பட்டி. டிரைவர் காலுக்கு அடியில மேட்டைத் தூக்கிக் காட்டினார். தார் ரோடு தெரிஞ்சுது! பெயிண்டுக்குப் போட்ட காசும் போச்சு, விலையும் இறங்குச்சு. அந்த ஓட்டைக்கு மேல காலை வெச்சுக்கிட்டுத்தான் எங்க டிரைவர் அண்ணன் அத்தனை மழைக்காலமும் ஓட்டியிருக்கார். அவர் சொல்லலையான்னு கேக்கறீங்களா? சொன்னார். "எஃப்.சி.க்குப் பார்த்துக்கலாம்"னுதான் பதில்.

இனி எதிர்க்கட்சி வாதங்களைப் பார்ப்போம்.

"வண்டி பளபளன்னு இருந்தாத்தான் எஃப்.சி. கிடைக்கும்." எஃப்.சி.ன்னா தகுதிச் சான்று. இந்த வண்டி சட்டத்துக்கும் விதிகளுக்கும் உட்பட்டு, ஓடத் தகுதியா இருக்குன்னு சொல்ற சான்று. அழகுப் போட்டி இல்லை. சோதனை பண்றவர் கண்ணால பார்த்தா பளபளப்பு ஜெயிக்கும், கையால தட்டினா தகடுதான் ஜெயிக்கும். தட்டிப் பாருங்க சார்னுதான் நான் கேக்கறேன். கூடவே இன்னொண்ணையும் பாருங்க. அவசரமா ஸ்பிரே அடிக்கற பட்டறைங்கள்ல ஒளி பிரதிபலிக்கற ஸ்டிக்கர் மேலயும் சேர்த்து அடிச்சுடறாங்க. முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்புன்னு ஒட்டறது எதுக்கு? ராத்திரி தொப்பூர் கணவாயில இறங்கி வர்றவனுக்கு முன்னால நிக்கற லாரி தெரியறதுக்கு. அது மேல பெயிண்ட் அடிச்ச வண்டி எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் என்னைக் கேட்டா அது எமன் வாகனம்தான்.

"அஞ்சு வருஷத்துல வித்துடுவேன், எனக்கென்ன?" மேலே சொன்ன காந்தம் விலை ரொம்பக் கம்மிங்க. எல்லா புரோக்கரும் வாங்கிட்டாங்க.

மூணாவது வாதம்தான் உண்மையிலேயே கனமானது. "தம்பி, வண்டி ஒரு நாள் நின்னா ஒரு நாள் வட்டி. டீசல் விலை, டோல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் கழுத்தை நெரிக்குது. இதுல கழுவறதுக்கும் தேய்க்கறதுக்கும் நேரம் எங்கே இருக்கு?" இதைச் சொல்றவங்க பொய் சொல்லலை. அவங்களைக் கிண்டல் பண்ண எனக்குத் தகுதியும் இல்லை. ஆனா நான் கேக்கறது புதுசா ஒரு நாள் இல்லைங்க. லோடு ஏத்தறதுக்கும் இறக்கறதுக்கும் வண்டி மணிக்கணக்குல, சில சமயம் நாள்கணக்குல காத்துக் கிடக்குது. உள்ளங்கை அளவு கீறலைச் சரி பண்ண ரொம்ப நேரம் ஆகாது. பளிச்சுனு இரும்பு தெரியற வரைக்கும் தேய், துடை, அன்னிக்கே பிரைமர் அடி, காய்ஞ்சதும் மேல் பெயிண்ட். ரெட் ஆக்சைடு அடிச்சுட்டு அப்படியே விட்டுடாதீங்க, பிரைமர் மட்டும் மழையைத் தாங்காது. உப்பு, உரம், கோழி எரு லோடு இறக்கின அன்னிக்கே பாடிக்கு உள்ளேயும் அடியிலயும் தண்ணி பீச்சிக் கழுவணும். கதவுக்குக் கீழ இருக்கற வடிகால் ஓட்டையில மண் அடைச்சிருக்கும், அதை ஒரு கம்பியால குத்தி விட்டா போதும். இதுல எதுக்குங்க பட்டறை?

செய்யக் கூடாததையும் சொல்லிடறேன். பளபளப்பு வரணும்னு டீசல் தொட்டுத் துடைக்கறது பூச்சை மங்க வைக்கும். அடியில வேஸ்ட் ஆயில் அடிக்கறது புழுதியை ஒட்ட வைக்கும், ரப்பர் புஷ்ஷை ஊற வைச்சுக் கெடுக்கும். உச்சி வெயில்ல கொதிக்கற தகட்டுல சோப்பு போட்டா, கழுவறதுக்குள்ள காய்ஞ்சு கறை பிடிக்கும்.

இதையெல்லாம் யார் செய்யறது? இங்கேதான் முதலாளிமாருங்க மேல எனக்கு நிஜமாவே கோபம். டிரிப் ஷீட்டை எடுத்துப் பாருங்க. டீசல், டோல், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், டிரைவர் படி எல்லாத்துக்கும் இடம் இருக்கு. கழுவறதுக்கு? நான் பார்த்த ஷீட் எதுலயும் இல்லை. அதை டிரைவர் சும்மாவே செய்யணும்னு எதிர்பார்க்கறோம். நேஷனல் பர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் வேணும்கற விதியை 2018-ல எடுத்துட்டாங்க. கிளீனர் இல்லாம ஓடற வண்டியும் நிறைய. ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்த ஒத்தை மனுஷன், காசு இல்லாம உங்க தகட்டையும் தேய்க்கணுமா? செலவுன்னு எழுதாத வேலை நடக்காது. இது அக்கவுண்டன்சி முதல் பாடம்.

ரயிலைப் பாருங்க. எங்க ஜங்ஷனுக்கு வர்ற பெட்டிங்களுக்கு யாராவது பார்க்க வர்றாங்கன்னு பெயிண்ட் அடிக்கறதில்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில பட்டறைக்குப் போகும். துருப்பிடிச்ச தகட்டை வெட்டி எடுத்துட்டு, புதுத் தகடு வெச்சு, அப்புறம்தான் பெயிண்ட். அப்படியும் பழைய பெட்டிங்களோட கழிவறைப் பக்கம் அரிச்சு எடுத்துச்சு. பழைய ஐ.சி.எஃப். மாடல் பெட்டி தயாரிப்பையே 2018-ல நிறுத்திட்டு, துருப்பிடிக்காத எஃகுல செய்யற எல்.எச்.பி. பெட்டிக்கு மாறினாங்க. பாதுகாப்பும் ஒரு காரணம், துருவும் ஒரு காரணம். நம்மால எஃகுல லாரி வாங்க முடியாது, சரி. ஆனா வெட்டி எடுத்துட்டு அப்புறம் அடிக்கற அந்த வரிசையை மட்டும் காப்பி அடிக்கலாமே? காப்பி அடிக்கறதுல நாமதான் கெட்டிக்காரங்களாச்சே!

கடைசியா, யாருமே பேசாத ஒருத்தர் இருக்கார். பெயிண்டர். என் வயசுப் பசங்க, என்னை விடச் சின்னப் பசங்க கூட அந்த வேலையில இருக்காங்க. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2016-ல விதி போட்டு, 2017 நவம்பர்ல அமலுக்குக் கொண்டு வந்தாங்க. அந்த விதியோட பேர்லயே 'வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்ட்'னு இருக்கு. லாரிக்கு அடிக்கற பெயிண்ட் அதுல வராது. லாரிக்குப் பிடிச்ச கலர் என்ன? மஞ்சள், ஆரஞ்சு. அந்த நிறங்களுக்கு ரொம்ப காலமா உபயோகத்துல இருந்த சாயம் ஈய குரோமேட். பழைய பூச்சை உலர்ந்தபடியே தேய்க்கும்போது பறக்கற தூசி எங்கே போகும்? மூக்குல துண்டைக் கட்டினா நிக்குமா? ரெண்டு டப்பா கலந்து அடிக்கற பி.யூ. பெயிண்ட்ல ஐசோசயனேட் இருக்கு, அது ஆஸ்துமாவையே கொண்டு வரும். துண்டு அதையும் தடுக்காது. தேவையில்லாம அடிக்கற ஒவ்வொரு எஃப்.சி. பெயிண்டும், தேவையில்லாம ஒரு பையனோட நுரையீரலுக்குள்ள போற தூசி. நாம பளபளப்புன்னு சொல்றதுல ஒரு பங்கை அவன் கட்டிக்கிட்டு இருக்கான்.

ஆக, நான் கேக்கறது நாலே நாலு:

1. டிரிப் ஷீட்ல "கழுவு கூலி"ன்னு ஒரு வரி. டிரைவரோ கிளீனரோ, செய்யறவங்க கைக்குப் போகணும்.

2. எஃப்.சி.ல கேபின் தரையையும் கதவுக்குக் கீழேயும் தட்டிப் பார்க்கணும். துரு மேல பட்டி இருந்தா திருப்பி அனுப்பணும். தகடு கெட்டியா இருந்தா, நிறம் மங்கியிருக்குன்னு யாரும் மூஞ்சியைச் சுளிக்க வேண்டாம்.

3. ஈயத்துக்கான அந்த 90 பிபிஎம் விதி வண்டிப் பெயிண்டுக்கும் வரணும்.

4. பட்டறையில தண்ணி தொட்டுத் தேய்க்கணும். பசங்களுக்குத் துண்டு வேண்டாம், முறையான மாஸ்க் வாங்கிக் குடுங்க.

ஆயுத பூஜை அன்னிக்கு நம்ம ஆளுங்க வண்டியைக் கழுவற அழகு இருக்கே! சக்கரத்து இடுக்கு வரைக்கும் விரலை விட்டுத் தேய்ச்சு, சந்தனம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி, பூசணிக்காய் உடைச்சு... சாமின்னு நினைச்சா நமக்குக் கழுவத் தெரியுது. மத்த நாள்லயும் அதுக்குள்ள ஒரு மனுஷன் படுத்துத் தூங்கறான்னு நினைச்சா போதும்ங்க.

டிஸ்கி: அடுத்த தடவை பட்டறையில வண்டி எடுக்கப் போறவங்க பாக்கெட்டுல ஒரு காந்தத்தைப் போட்டுக்கிட்டுப் போங்க. பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டினதே போதும். பில்லைக் குடுக்கறதுக்கு முன்னாடி, கதவுக்குக் கீழ ஒரே ஒரு தடவை வெச்சுப் பாருங்க.